நொடிக்கு மூன்று கிராம்

ஷுவைக்கில் காலையிலிருந்தே
வானம் செங்கல் நிறம்.
ஷட்டரை அரையடி தூக்கினால் போதும்,
பாதிப் பாலைவனம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

உஸ்தாத் பக்ரியின் கேம்ரி
இருமிக்கொண்டே வந்து நின்றது.
சூடான்காரர், கணக்கு வாத்தியார்.
பிளக் மாற்றியாயிற்று, பெட்ரோல் பம்ப் மாற்றியாயிற்று,
மூன்று கராஜ், நூற்றுப் பத்து தினார்.
ரசீதுகளை மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிறார்.
டேஷ்போர்டின் மஞ்சள் விளக்கின்மேல்
கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறார்.
"கண் கூசுகிறது" என்றார்.

சிக்னலில் நின்றால் அதிரும், புகை கறுக்கும்,
சில நேரம் அணைந்தே போகும்.
ஐந்தாம் ரிங் ரோட்டில் ஏற மிதித்தால்
ஒரு கணம் யோசிக்கும்.
அந்த ஒரு கணத்துக்குப் பின்னால்
ஒரு டிரெய்லர் ஹாரனை அழுத்திக்கொண்டிருக்கும்.

ஏர் ஃபில்டரைத் தாண்டி, குழாயின் கழுத்தில்
செருகியிருந்த கனெக்டரை மட்டும் பிடுங்கினேன்.
எஞ்சின் சீராய் ஓடிற்று.
"பிடுங்கினால் எப்படிச் சரியாகும்?"
வாத்தியார் கேட்கவேண்டிய கேள்விதான்.
தகவலே வராவிட்டால் கம்ப்யூட்டர்
தானாய் ஒரு கணக்குப் போட்டு ஒப்பேற்றிவிடும்.
பொய்த் தகவலை நம்பித்தான் கெடும்.

இரண்டு திருகு. கையோடு வந்தது.
தீக்குச்சி அகலத்தில் ஒரு ஜன்னல்,
அதற்குள் மயிரிழைக் கம்பி.
எஞ்சினுக்குப் போகிற காற்றில் ஒரு கீற்று
இதைத் தொட்டுவிட்டுப் போகும்.
கம்பி எப்போதும் சுட்டபடி இருக்கவேண்டும்.
காற்று வந்து ஆற்றும்.
ஆறியதை மீட்க எவ்வளவு கரண்ட் கேட்கிறதோ
அதை வைத்துக் காற்றின் எடை.
தான் இழந்ததைத்தான் அது கணக்குச் சொல்கிறது, உஸ்தாத்.
என் அரைகுறை அரபியில் இது எப்படி வந்ததோ,
தலையாட்டினார்.

ஃபில்டரில் யாரோ தடவிய எண்ணெயில் புழுதி குழைந்து,
ஐம்பது டிகிரியில் கம்பளி போர்த்தியதுபோல் கிடந்தது கம்பி.
சும்மா நிற்கையில் கூட்டிச் சொல்லும்,
பாரம் இழுக்கையில் குறைத்துச் சொல்லும்.
இப்படி ஒரு ஃபோர்மனை எனக்குத் தெரியும்.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து
முதலாளி ஹைத்ரோஸ் விரல் சொடுக்கினார்.
புது சென்சார் முப்பத்திரண்டு தினார்.
ஸ்ப்ரே டப்பா ஒன்றே முக்கால்.
அலமாரியில் ஒரு காலி அட்டைப்பெட்டி உண்டு,
போன மாதமும் அதைக் காட்டித்தான் பில் போட்டோம்.
போட்டோம் என்றுதான் சொல்லவேண்டும்.
பெட்டியைத் தூக்கிக் காட்டிய கை என்னுடையது.

ஸ்ப்ரே அடித்தேன்.
விரல் படக்கூடாது, துணி படக்கூடாது,
தானாய்க் காயவேண்டும், பத்து நிமிடம்.
பத்து நிமிடமும் ஹைத்ரோஸ் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாட்டினேன். ஸ்கேனரில் எண் அலைந்து, நின்றது.
நொடிக்கு மூன்று கிராம்.
சும்மா நிற்கும் ஒரு கார் தின்னும் காற்று.
உஸ்தாத் அதை ரசீதின் பின்புறம் எழுதி
அறுபதால் பெருக்கிப் பார்த்து
முதல்முறையாகச் சிரித்தார்.

பில்லில் 'சுத்தம் செய்தது' என்று எழுதினேன்.
ஐந்து தினார், ஸ்ப்ரேயும் சேர்த்து.
காலிப் பெட்டி அலமாரியில்தான் இருக்கிறது.
நாளைக்கு வேறொரு கார் வரும்.
இதே கை வருமா, தெரியாது.

டேப்பை உரிக்கலாமே என்று குனிந்தேன்,
அடியில் விளக்குதான் இப்போது இல்லையே.
"இருக்கட்டும்" என்றார் உஸ்தாத்.
"ஜூலை இன்னும் பாக்கி இருக்கிறது."