மூன்று துளை

"கூரை ஒழுகுகிறது" என்று எழுதியிருந்தார்கள்.
கூரை இன்னும் மூன்று மாடிக்கு மேலே இருக்கிறது.
டுலூத்தில் ஆகஸ்ட். ஏரியிலிருந்து வரும் காற்று
ஈரத் துணியை முகத்தில் போர்த்தியதுபோல.
ஏணியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு
டயாலிசிஸ் வார்டுக்குள் நுழைந்தேன்.

"உன் காலடியில் இருப்பவள் பெயர் கிளாடிஸ்" என்றார்
ஏழாம் நாற்காலிக்காரர்.
தரையில் பிளாஸ்டிக் வாளி.
"இல்லை, மேலே பார்."
கூரைத் தகட்டில் பழுப்புக் கறை.
"ஜூனில் ஒரு காசளவு இருந்தாள்.
ஜூலை நான்காம் தேதி வெடி போட்டார்களே,
அன்றைக்கு ஆமை.
இப்போது பார், எங்கள் பழைய பாதிரியாரின் மனைவி,
தொப்பியோடு."

ஆர்விட் சுன்ட்பெர்க். முப்பது வருடம்
இரும்புத் தாது ஏற்றும் துறையில்.
வாரத்துக்கு மூன்று நாள், நான்கு மணி நேரம்
மல்லாந்து கிடப்பவருக்கு
கூரைதான் ஜன்னல்.

தகட்டைத் தூக்கித் தலையை நுழைத்தேன்.
ஓட்டை இல்லை. குழாய்க்கு வியர்த்திருக்கிறது.
உள்ளே ஆறு டிகிரியில் ஓடும் தண்ணீர்,
வெளியே இந்த ஆகஸ்ட்,
இரண்டும் சந்திக்காமல் இருக்கத்தான்
எனக்குச் சம்பளம்.

டார்ச் அடித்ததும் தெரிந்துவிட்டது.
நாடாவின் நுனியை இடப்பக்கம் சாய்த்து வெட்டுகிறவள்
எங்கள் சங்கத்தில் ஒருத்திதான். இடக்கைக்காரி.
முழங்கை வளைவில் ஒன்பது துண்டு,
தர்பூசணிக் கீற்றுபோல, இடைவெளி இல்லாமல்.
அழகாகத்தான் செய்திருக்கிறேன்.
அதற்கடுத்த ஒட்டில்
மூன்று ஸ்டேப்ளர் முள். மேலே பசை தடவவில்லை.

ஆறு வருடத்துக்கு முன், நவம்பர்.
கட்டடத்துக்கு வெப்பம் வரவில்லை, உறை ஒட்டவில்லை,
முள் அடித்தோம். அடித்தால் மேலே
வெள்ளைப் பசை ஒரு பொட்டு வைக்கவேண்டும்,
காற்று நுழையாமல்.
ஏன் வைக்கவில்லை?
யாராவது கூப்பிட்டார்களா,
பசை டப்பா தீர்ந்துபோனதா,
பசியா.
ஏணி மேல் நின்று தேடிப் பார்த்தேன்.
சொல்லிக்கொள்ளும்படி ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

நனைந்த கண்ணாடி இழை
ஊறிய ரொட்டிபோலக் கையோடு வந்தது.
முள்ளின் தடிமன் அளவு வழியில்
ஆறு கோடைகள் நுழைந்திருக்கின்றன.

"யார் செய்த வேலை?" என்று கீழிருந்து கேட்டார்.
"நான்தான்."
கொஞ்ச நேரம் இயந்திரம் மட்டும் முனகியது.
"எனக்கு ஒரு நாளைக்கு நான்கு கோப்பை அனுமதி.
காபி, சூப், எல்லாம் சேர்த்து.
ஆறிலிருந்து எட்டு நொடிக்கு ஒன்று
என் தலைமாட்டில் சொட்டவைத்தாயே,
மகராசி."
சிரித்தாரா என்று மேலிருந்து தெரியவில்லை.
செவிலி செலீன் சிரித்தாள்.

குழாயைத் துடைத்துக் காயவைத்தேன்.
புது அரைவட்டங்கள் இரண்டைப் பொருத்தி,
ஒட்டி, நாடாவைத் தேய்த்து,
முள் அடிக்காத இடத்திலும் பசை வைத்தேன்.
செய்தது போதாதென்று இன்னொரு தடவை.
புதுத் தகடு மாட்டியதும்
ஆர்விட் வெகுநேரம் பார்த்தார்.
"சுத்தமாய் இருக்கிறது" என்றார்,
பாராட்டாகத் தோன்றவில்லை.

கீழே, குளிர்ந்த நீரில் கை கழுவினேன்.
வெந்நீர் என்றால் தோல் திறந்துகொள்ளும்,
கண்ணாடித் தூசி உள்ளே போய்
இரவெல்லாம் சொறியவேண்டும்.
குழாயடியிலேயே குனிந்து குடித்தேன்.
இரண்டு கோப்பை இருக்கும். மூன்றோ.

வண்டியில் உட்கார்ந்து சீட்டை நிரப்பினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
'உறை பழசு' என்று எழுதுவதுதான் வழக்கம்.
எழுதினேன், அடித்தேன்.
'மூன்று துளை. என்னுடையவை.
மூன்றரை மணி நேரம்; அவர்கள் கணக்கில் ஏற்றவேண்டாம்.'
கையெழுத்தும் இடப்பக்கம் சாய்ந்தே விழுந்தது.
பின்னால், நனைந்த தகட்டின் மேல்
கிளாடிஸ் தொப்பியோடு கிடந்தாள்.