உடைப்பு

கல் வெளியே வந்துவிட்டது.
மருந்து பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள்,
புளியங்கொட்டை அளவு, மூன்று துண்டாக.
சண்முகவடிவு அதை மஞ்சப்பையில் வைத்தாள்,
தஞ்சாவூர் வந்த பஸ் டிக்கெட்டோடு.

அன்று ராத்திரிதான் மூச்சு எட்டவில்லை.
படுத்தால் நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி.
எழுந்தால் உள்ளே அலம்பியது,
அரைக்குடம் இடுப்பில் நடப்பது போல.

எக்ஸ்ரேயை ஜன்னலுக்கு நேரே பிடித்து
நஸ்ரின் டாக்டர் சொன்னார்:
கல் மேல்மூலையில் இருந்தது,
விலாவுக்கு மேலே குத்த வேண்டியதாயிற்று.
நுரையீரலைச் சுற்றி ஓர் உறை,
வெங்காயத் தோல் கனம்.
அது கிழிந்து,
சிறுநீரகத்தைக் கழுவ விட்ட தண்ணீர்
நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது.
'எப்பவாவதுதாங்க இப்படி ஆகும்.'
சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை.

முப்பத்தோரு வருஷம் வெட்டாற்றில் லஸ்கர் நான்.
ஷட்டர் சாவி, அளவுக்கல், நோட்டு.
தண்ணீர் வழி தவறுவதை எனக்குப்
படம் பிடித்துக் காட்ட வேண்டியதில்லை.
ஒரு நண்டு வளை போதும் அதற்கு.

விலா நடுவே குழாய் செருகினார்கள்.
கட்டிலுக்குக் கீழே பாட்டில்.
மூச்சை இழுத்தால் மட்டம் ஏறும்,
விட்டால் இறங்கும்.
கை சும்மா இருக்கவில்லை.
மருந்துச் சீட்டின் பின்னால் குறித்தேன்:
காலை ஆறு, நானூறு.
மதியம் இரண்டு, ஐநூற்றுப் பத்து.
நர்ஸ் பெண் பார்த்துச் சிரித்தது. பிறகு
தன் கணக்கை என்னுடையதோடு ஒத்துப் பார்த்தது.

மூன்றாம் நாள் தூக்கம் வரவில்லை. அமிர்தவல்லி வந்தாள்.
ஓர் ஐப்பசி, நான் அரையடி கூடத் தூக்கிய ஷட்டர்.
உத்தரவு மேலிருந்து வந்ததுதான்.
கரை எங்கே இளகியிருக்கிறது என்று
தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.
மூணு மா நடவு, நட்டுப் பதினொரு நாள்.
சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகி
மணலுக்கடியில் பயிரைத் துழாவிக்கொண்டிருந்தாள்.
'எப்பவாவதுதாம்மா இப்படி ஆகும்' என்றேன்.
அவள் நிமிரவில்லை.
'ஆவட்டும். அந்த எப்பவாவது
எங்க வயல்லல்ல விடிஞ்சிருக்கு.'

காலையில் டாக்டர் வந்தபோது
அந்த வாக்கியம் என் நாக்கில் இருந்தது.
அவர் கண்ணுக்குக் கீழே கருப்பு.
'ராத்திரி எவ்ளோ வந்துச்சு?'
'நாப்பது. சீட்டுல இருக்கு.'
சீட்டை வாங்கவில்லை.
துப்பட்டாவை ஒதுக்கிக்கொண்டு
அந்த ஈரத் தரையில் மண்டியிட்டு
கட்டிலுக்கடியில் குனிந்து
அளவைத் தானே படித்தார்.

நான் அன்று
சைக்கிளை விட்டு இறங்கவேயில்லை.