சலவை அறையில் 3.86

டாண்டினாங்கில் ஜூலை மாதம், காலை ஏழரை.
கழுவாத பாத்திரம் போல வானம்.
செருப்பைக் கழற்ற வேண்டாம் என்கிறாள் ஸகினா,
ஒன்றை நான் கழற்றிய பிறகு.

எல்லாம் வேலை செய்கிறது.
விளக்கு எரிகிறது, ஓவர்லாக் ஓடுகிறது.
வாஷிங் மெஷினை மட்டும்
ஈரக் கையோடு தொட்டால்
ஓர் எறும்பு.

எறும்பா?

கடிக்காது. நடக்கும்.

வீட்டு ஏஜென்டுக்கு நான்கு முறை எழுதியிருக்கிறாள்.
நான்காவது கடிதத்துக்குப் பதில், நான்.

கருவியைச் செருகுகிறேன்.
அது செய்வது சின்னதொரு வஞ்சனை.
இமைக்கும் நேரத்துக்கு ஒரு பிழையைத் தானே உண்டாக்கி
கம்பியிடம் கேட்கும்:
நாளை நிஜமாகவே தவறு நடந்தால்
மொத்த வெள்ளத்தையும் ஒரே மூச்சில்
தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்குத்
திருப்பிக் கொண்டுபோவாயா?
எவ்வளவு மறுப்பாய்?

மின்மறுப்பு.
பாலிடெக்னிக்கில் அது இரண்டு மார்க் கேள்வி.
இங்கே, ஈரத் தரையில் முழங்கால் ஊன்றியிருக்கையில்,
முன்பாதி உதிர்ந்துபோய்
வெறும் மறுப்பு.

சமையலறை 0.71.
கூடம் 0.68.
தையல் மேஜைக்குக் கீழே, நூல் குப்பைக்கு நடுவே, 0.79.
1.53 ஓமுக்குள் இருந்தால்
ஆள் விழுமுன் பிரேக்கர் விழும்.

சலவை அறை 3.86.
மறுபடி அழுத்தினேன்.
3.86.
எண்ணுக்குக் கூச்சமே இல்லை.

இந்த வழியில் அறுபது ஆம்பியர்தான் திரும்பும்.
அறுபதுக்கு பிரேக்கர் உடனே விழாது, யோசிக்கும்:
பத்து விநாடி, இருபது விநாடி.
ஈரக் கைக்கு
அவ்வளவு நேரம் கிடையாது.

மெயினை அணைத்துவிட்டுக் கூரைக்குள் ஏறினேன்.
போஸம் புழுக்கை, அரிக்கும் கண்ணாடிப் பஞ்சு,
யாரோ விட்டுப்போன பீர் டப்பா.
உத்திரத்தோரம் ஒரு பெட்டி, அதற்குள்
எர்த் கம்பியின் ஏழு இழையில் ஆறு ஒடிந்து
ஏழாவது மட்டும்
களிம்பேறி
திருகைத் தொட்டும் தொடாமலும்.

எத்தனை வருஷம் இப்படி நின்றதோ.
கீழே விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது,
அதுதான் பிரச்சினை.

நுனியை வெட்டி, புதிதாய்ச் சீவி, திருகை இறுக்கினேன்.
கடைசிக் கால் சுற்றில் மணிக்கட்டு வலித்தது.
கீழே வந்து அழுத்தினேன்: 0.74.

ஏஜென்ட் போனில் கேட்டார்:
அப்போ கரன்ட் எப்பவுமே இருந்ததுதானே?
இருந்தது, என்றேன்.
அவருடைய மறுப்பை அளக்கக்
கருவி இல்லை என்னிடம்.

படிவத்தில் முன், பின் என்று இரண்டு கட்டம்.
நிரப்பினேன். எறும்புக்குக் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதி வைத்தேன்:
மெஷினில் கசிவு உண்டு, தனியே பார்க்கவும்.
எறும்பு சாகவில்லை,
மண்ணுக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது, அவ்வளவே.

திரும்பிப் பார்க்கிறேன்,
குழாயில் கையை நனைத்துக்கொண்டு ஸகினா.
வேண்டாம் என்று வாயெடுப்பதற்குள்
மெஷின் மேல் உள்ளங்கையை வைத்துவிட்டாள்.

வைத்தபடியே நிற்கிறாள்
தலையைச் சற்றுச் சாய்த்து,
வருமா என்று.