காகிதத்துக்குப் பின்னால்

சங்கு குளித்த காது.
முப்பது வருசம் கடலை வாங்கி வாங்கி
ஒருநாள் கதவை அடைத்துக்கொண்டது.
அன்றிலிருந்து நான் பேசியதே இல்லை,
கத்தினேன்.
பெரியபட்டினம் முழுக்கத் தெரியும்
எங்கள் வீட்டில் இன்று என்ன ஆணம் என்று.

இப்போது அவர் காதுக்குப் பின்னால்
சுருண்ட இறால்போல் ஒரு மெஷின்.
ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் இவாஞ்சலின் சொன்னாள்:
வாயை மறைத்துக்கொண்டு
தினமும் சொல்லிக் காட்டுங்கள்,
ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ்.

கரண்ட் பில்லை முகத்துக்கு நேரே பிடித்துச் சொல்கிறேன்.
ஆ வந்தது. ஊ வந்தது.
ம் மூன்றாம் வாரம்.
ஸ் மட்டும் கரையேறவில்லை.

பாலித்தீன் பை கசங்கினால் பதறுகிறார்.
பனையோலை உரசினால் மழையா என்கிறார்.
கடற்கரைக்கு வரவே மாட்டாராம்,
யாரோ தகரத்தை இழுத்துக்கொண்டு ஓடுகிறார்களாம் அங்கே.
இரவில் அதைக் கழற்றி
உப்புக்காற்று படாத டப்பாவில் மூடும்போது
எனக்கும் கொஞ்சம் நிம்மதி.

நேற்று மதியம்
விளமீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே
வழக்கம்போல் முணுமுணுத்தேன்.
பதினோரு வருசப் பழக்கம்,
கேட்காது என்ற தைரியம்.

"யாரு செவிட்டுப் பொணம்?"
கூடத்திலிருந்து குரல்.

கத்தி நின்றது.
இத்தனை வருசம் சொன்னதையெல்லாம்
ஒருமுறை நினைத்துப் பார்த்தேன்.
கை கழுவி, கரண்ட் பில்லை எடுத்துப் போய்
எதிரே உட்கார்ந்தேன்.
மெல்லப் பேச வாய்க்கு மறந்திருந்தது.
முதலில் வெறும் காற்றுதான் வந்தது.

"ஸ்" என்றார்.