இருபத்தைந்தில் இரண்டு

கலாசிபாளையத்து டயர்க் கடையில்
மழைநீர் தேங்கிய லாரி டயரிலிருந்து
கரண்டியால் மொண்டு வந்த புழுக்கள்
என் மேசையில் கொசுவாகின.

குழாய்க்கு இருபத்தைந்து, எல்லாம் பெண்.
மருந்து தோய்த்த தாளுக்கு நடுவே ஒரு மணி நேரம்.
பிறகு சர்க்கரைத் தண்ணீர்ப் பஞ்சு,
ஒரு பகல், ஓர் இரவு.

காலையில் எண்ணுவது என் வேலை.
பென்சிலால் தட்டி அசையாவிட்டால்
செத்ததாகக் கணக்கு.
இருபத்து மூன்று.
மீதி இரண்டும்
பின்னங்காலைத் தூக்கியபடி
கண்ணாடியில் உட்கார்ந்திருக்கின்றன,
மெஜஸ்டிக்கில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி.

வீரமெல்லாம் இல்லை.
முட்டைக்குள் எங்கோ ஓர் எழுத்து மாறியிருந்தது.
மருந்து வரும்வரை அது வெறும் பிழை.
வந்த பிறகு
அதனால்தான் பிழைத்தன.

‘ரெண்டுதானே’ என்கிறார் ஹனுமந்தராயப்பா,
வார்டு வார்டாகப் புகை அடிப்பவர்.
ரெண்டு போதும் சார்.
அடுத்த மழைக்கு டயர் நிறைய
இவற்றின் பிள்ளைகள்தான்.

ஆகஸ்டில் எங்கள் ஹாஸ்டலில் டெங்கு.
நான் பதினோரு நாள் விக்டோரியா ஆஸ்பத்திரியில்.
ஒரே அறை, ஒரே கொசு,
அதே ஓட்டை வலை;
ஃபிலோமினா மட்டும் ஒரு நாள்கூட
ஷிஃப்டைத் தவறவிடவில்லை.
அப்படி என்னதான் சாப்பிடுகிறாய் என்று
எல்லோரும் கேட்டோம்.
நெடுநேரம் யோசித்து, பப்பாளி என்றாள்.
மாடி முழுக்க ஒரு வாரம் பப்பாளித் தோல்.

பதிவேட்டில் எழுதுகிறேன்: உயிரோடு, 2.
செத்தவை குப்பைக்கு.
பிழைத்ததைத்தான் உறைய வைத்து
அரைக்க வேண்டும்,
அந்த எழுத்தைப் படிக்க.
மூடியைத் திருகும்போது
ஒன்று இன்னும்
காலைத் தூக்கியே வைத்திருந்தது.