இரண்டு, ஒன்று, நான்கு

கொணவட்டத்தில் லாரிக்குப் பாடி கட்டுகிற
கலீமுல்லா பாய்
இஞ்ச் டேப்போடு என் ஆல்டோவுக்குள் குனிந்து கேட்டார்:
"மேடம், கை எவ்வளவு தூரம் போகணும்?"

சீட்டில் உட்கார்ந்து பெல்ட் மாட்டி
கண்ணைச் சாலையில் வைத்தபடி
இடது கையைத் தொங்கவிட்டேன்.
விரல் நின்ற இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டார்.
பிறகு பின் சீட்டுக்குப் போனேன்.
யு.கே.ஜி. உயரத்துக்குக் கூனிக்கொண்டு
இரண்டு சீட்டுக்கும் நடுவே கை நீட்டினேன்.
அதே கோடு.

பாய் சிரிக்கவில்லை.
சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
கொஞ்ச நேரம் சும்மா நின்றார்.

இடுப்பிலேயே இருக்கட்டும் என்றால்
சீட் பெல்ட் அதன்மேல் ஏறிக்கொள்கிறது.
ஒருநாள் அவசரத்தில் சீட்டுக்கடியில் செருகினேன்;
பள்ளிகொண்டா டோல்கேட்டில் பிரேக் போட்டதும்
வழுக்கி வந்து
கிளட்சுக்கடியில் படுத்துக்கொண்டது சர்க்கார் சொத்து.
டேஷ்போர்டு அறையிலோ நறுமுகையின் பிஸ்கட்.

ஆகவே இரும்புப் பெட்டி, பத்துக்கு ஆறு.
தரையோடு நாலு போல்ட்.
உள்ளே ராணிப்பேட்டைத் தோல் துண்டு.
மே மாதத்தில் மூடியைத் தொட்டால் தோசைக்கல்.
வண்டியை விட்டு நான் இறங்கினால் அதுவும் இறங்கும்,
டீ குடிக்க என்றாலும்.

சாவி வேண்டாம் என்றேன்.
சாவிக்கொத்து என்றைக்கும் பாப்பாவுடையது.
திருகுகிற சக்கரம் வைத்தார்,
எண்ணுக்கு எண் ஒரு டிக்.
"பிறந்த நாளு வைக்காதீங்க மேடம்,
எல்லாரும் அதைத்தான் வைப்பாங்க."

நான் வைத்தது ஒரு குற்ற எண்.
வேப்பங்குப்பம் ஸ்டேஷனில் இருந்தபோது
பீஞ்சமந்தை மலையில் பதிந்தது.
பன்றிக்கென்று வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கி,
அப்பன் கைகால் கழுவப் போன நேரம்.
அண்ணனுக்கு ஆறு வயசு.
தங்கைக்கு நாலு.
பார்வை மகஜரில் என் கையெழுத்தில் இருக்கிறது:
கதவுக்கும் சுவருக்கும் இடையே ஒரு முழம்.
அந்த ஒரு முழத்தை
எத்தனை தடவை அளந்தேன் என்று மகஜரில் இல்லை.

இரவு ரவுண்ட்ஸ் முடித்து நேராகக் காங்கேயநல்லூர்,
தங்கை வீட்டில் பாப்பாவை ஏற்றிப் பள்ளிக்கூடம்,
அப்புறம்தான் ஸ்டேஷனில் ஒப்படைத்துக் கையெழுத்து.
அவள் ஏறியபின் பெட்டியைத் திறப்பதில்லை,
இரண்டு முறை தவிர.

பாலாற்றுப் பாலத்தில் நெரிசல்.
கீழே மணல்,
ஆறென்று சொல்ல ஒரு குட்டை,
அதில் ஒரு எருமை.
பின் சீட்டில் வாட்டர் பாட்டிலைத் தட்டிக்கொண்டு
டிக் டிக்.
டிக்.
டிக் டிக் டிக் டிக்.

"என்ன பாட்டு பாப்பா?"
"பாட்டு இல்லம்மா, உன் பெட்டி சொல்றது.
ரெண்டு, ஒண்ணு, நாலு.
நான் நல்லா எண்றேன்னு மிஸ் சொன்னாங்க."

பின்னால் பஸ்காரன் ஹாரனை அழுத்துகிறான்.
முன்னால் வழி விட்டிருக்கிறது, நான் நகரவில்லை.
அதட்ட வாய் வரவில்லை, கொஞ்சவும் வரவில்லை.
"கரெக்ட்" என்றேன்.
வேறென்ன சொல்ல? கரெக்ட்தானே.

சாயங்காலம் பாய் சக்கரத்தைக் கழற்றி
உள்ளே டிக்கென்ற சின்ன ஸ்பிரிங்கை
நகத்தால் நெம்பி எடுத்து
என் உள்ளங்கையில் வைத்தார்.
காசு வாங்கவில்லை.
இப்போது சக்கரம் ஊமை.
எண் புதிது.
அது எந்த வழக்கின் எண்ணும் அல்ல,
இதுவரை.

பழைய எண்ணை மறந்துவிடலாம் என்று
ஒரு வாரம் நினைத்திருந்தேன்.

சீட்டு ஓரத்தில் அந்தச் சாக்பீஸ் கோடு
துடைத்தும் முழுக்கப் போகவில்லை.
பள்ளி வாசலில் திரும்பி நின்று டாட்டா காட்டுகிறாள்.
ஜூனில் மணிக்கட்டை மூடின சட்டைக் கை
இப்போது முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது.