விதைக்கு விட்ட காய்

இலவம்பாடிக் கத்தரிக்கு
காம்பிலும் முள், இலையிலும் முள்.
விரல் நுனியில் ரத்தம் துளிர்க்காமல்
ஒரு கூடை நிறைந்ததில்லை எனக்கு.
அதே விரலைத்தான்
ஒடுகத்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் எஸ்தர் ராணி
மாதம் ஒருமுறை குத்திப் பார்க்கிறாள்.
"புதுசா குத்த எடமே இல்லியேக்கா" என்கிறாள்.

சர்க்கரை இருநூற்று எண்பது.
காலையில் பதினாறு, ராத்திரி பத்து
வயிற்றில் போட்டுக்கொள்கிற மருந்து
கிருமிக்குள் மனுஷ மரபணுவைச் செருகி
தொட்டியில் வளர்த்து எடுப்பதாம்.
அவள்தான் சொன்னாள், நான் கேட்டதால்.
ஃபிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறது சீசா.
அந்தக் கிருமிக்கு நான் கடன்பட்டவள்.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
நாளைக்கு யாரும் கேட்க வேண்டாம்.

முனிரத்தினம் கொல்லை
என் வரப்பிலிருந்து நாற்பது தப்படி.
ஆடியில் பொய்கைச் சந்தையில்
பேர் போடாத பொட்டலம் வாங்கிவந்தான்.
"புழு வுழாதுக்கா. செடிக்குள்ளயே கீது வெஷம்.
நாம அடிக்க வாணாம்."
ரசீது இல்லை. விற்றவன் போன் அணைந்துகிடக்கிறது.
நிஜமா ஏமாற்றா, அவனுக்கும் தெரியாது.

அவனைத் திட்ட வாய் வரவில்லை.
போன தையில் அவன் பையன்
மருந்தடித்துவிட்டு
டேங்க்கை முதுகிலிருந்து கழற்றாமலே
வரப்பில் சுருண்டு விழுந்தான்.
நுரை துடைத்தது என் முந்தானை.
நானும் அடிக்கிறவள்தான்.
காய் பறிப்பதற்கு முந்தின நாளும் அடித்திருக்கிறேன்.
ஆம்பூர் பிரியாணிக்கடை மாஸ்டர்
காயில் ஒரு ஓட்டை பார்த்தால்
மூட்டையையே திருப்பிவிடுவார்.

ஆனாலும் தூக்கம் வரவில்லை.
கிருமி தொட்டிக்குள் இருக்கிறது,
இரும்பு மூடி, பூட்டு, காவல்.
கத்தரி வெட்டவெளியில் நிற்கிறது
ஊதாப் பூவை விரித்துக்கொண்டு.
கருவண்டு வருகிறது,
பூவைக் கட்டிப்பிடித்துத் தொங்கி
உறுமி உறுமி உலுக்குகிறது,
மஞ்சள் மாவை உடம்பெல்லாம் அப்பிக்கொண்டு
அடுத்த பூவுக்குப் போகிறது.
அது பட்டா பார்ப்பதில்லை.

விவசாய ஆபீசில் கேட்டேன்,
என் காயில் அது கலந்திருக்கிறதா
எப்படிப் பார்ப்பது என்று.
"பாத்தா தெரியாதும்மா, டெஸ்ட் எடுக்கணும்."
எங்கே? கோயம்புத்தூர் என்றார், ஐதராபாத் என்றார்.
எவ்வளவு? சொன்னார்.
என் ஒரு பட்டம் முழுசும் அதற்கே போகும்.
"கலந்திருந்தா என்னா செய்வீங்க சார்?"
"செடியப் புடுங்கணும்."
யார் செடியை, என்று கேட்டேன்.
அவருக்கு போன் வந்துவிட்டது.

இருபத்திரண்டு வருஷமாக
விதைக்கு விட்ட காயை நான்தான் பிரிக்கிறேன்.
பழுக்கவிட்டு, பிசைந்து,
தண்ணீரில் மிதப்பதைத் தள்ளி
மூழ்கியதைச் சாம்பலில் புரட்டி.
முளைக்குமா என்று மட்டும்தான்
இதுவரை கேட்டிருக்கிறார்கள்.
இனி, இது என்ன என்று கேட்டால்?

நான் சரியென்று சொல்லிப் போட்டுக்கொள்கிற ஊசி ஒன்று.
கேட்காமல் என் பூவில் வந்து விழுவது இன்னொன்று.
இவ்வளவுதான் எனக்குப் புரிகிறது.
புரிந்தது சரியா என்றும் தெரியவில்லை.

இன்றைக்கு விடிகாலை
கிழிந்த கொசுவலையை வெட்டி
விரியாத மொட்டுகள் பன்னிரண்டுக்கு
உறை கட்டி முடிச்சுப் போட்டேன்.
முள் குத்தியது.
ஊசி போடும் நேரம் தாண்டிவிட்டது.
நாளைக்குப் பூ விரிந்தால்
நானேதான் உலுக்க வேண்டும்.

கருவண்டு வந்தது.
வலைமேல் உட்கார்ந்து, நடந்து,
முடிச்சுவரை போய்த் திரும்பி,
கொஞ்ச நேரம்
என் முகத்துக்கு நேரே நின்று உறுமியது.
பிறகு
முனிரத்தினம் கொல்லைப்பக்கம் பறந்துபோனது.